கார்ல் ஜூன்

கார்ல் எச். ஜூன் (பிறப்பு: 1953) அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் நோயெதிர்ப்பியல் ஆய்வாளரும் ஆவார். பிலடெல்பியா நகரில் உள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றுகிறார். நோயாளியின் உடலில் இருந்தே டி உயிரணுக்களை எடுத்து, புற்றுநோயை இனங்காணும்படி அவற்றின் மரபணுவை மாற்றி, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்தும் சிகிச்சை முறையை உருவாக்கியவர்களுள் இவர் முதன்மையானவர். இம்முறை கார்-டி உயிரணுச் சிகிச்சை என அழைக்கப்படுகிறது. இவரது குழுவின் ஆய்வில் இருந்து உருவான மருந்து 2017 ஆகத்து 30 அன்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. அந்நாட்டில் ஒப்புதல் பெற்ற முதல் கார்-டி மருந்து இதுவே.

இம்மருந்து வழமையான மருந்துகளில் இருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. மாத்திரையோ ஊசி மருந்தோ உடலுக்குள் சென்றபின் படிப்படியாகக் குறைந்து மறையும். கார்-டி உயிரணுக்களோ உடலுக்குள் சென்றபின் பல்கிப் பெருகுகின்றன. இச்சிகிச்சையின் ஆற்றல், பேரிடர் ஆகிய இரண்டுக்கும் இப்பெருக்கமே காரணம்.

வாழ்க்கைக் குறிப்பு

கார்ல் ஜூன் 1975ஆம் ஆண்டில் அன்னாபொலிசில் உள்ள அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் இயூசுட்டன் நகரின் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1979இல் மருத்துவரானார். மாணவராக இருந்தபோதே செனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகத்தில் மலேரியா தொடர்பான நோயெதிர்ப்பியல் ஆய்வில் ஈடுபட்டார்.

1983 முதல் 1986 வரை சியாட்டில் நகரின் பிரெட் அட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தில் எலும்பு மச்சை (எலும்பு மஜ்ஜை) மாற்றுச் சிகிச்சையில் பயிற்சி பெற்றார். அணுக்கதிர்வீச்சால் பாதிக்கப்படும் படைவீரர்களுக்கு இச்சிகிச்சை தேவைப்படலாம் என்று அக்காலத்தில் கடற்படை கருதியதே இப்பயிற்சிக்கு வாய்ப்பாக அமைந்தது. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்காக 1990இல் நோபல் பரிசு பெற்ற டொனால் தாமசு இம்மையத்தில் இவரது வழிகாட்டிகளுள் ஒருவர். கொடையாளியின் எலும்பு மச்சையுடன் வரும் டி உயிரணுக்கள் சில வேளைகளில் எஞ்சியிருக்கும் இரத்தப் புற்றுநோயை அழிப்பதை அங்கு பணியாற்றியவர்கள் நேரடியாகக் கண்டிருந்தனர். டி உயிரணுக்களால் புற்றுநோயை வெல்ல இயலும் என்பதற்கு இது கண்கூடான சான்றாக இருந்தது.

பின்னர் மேரிலாந்து மாநிலத்தின் பெதெசுடாவில் உள்ள கடற்படை மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். 1999இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இணைந்தார். 2001இல் இவரது மனைவி சூல்பைப் புற்றுநோயால் காலமானார். அதன்பின் இவரது உழைப்பு பெரும்பாலும் புற்றுநோய்ச் சிகிச்சையை நோக்கித் திரும்பியது.

டி உயிரணுவும் புற்றுநோயும்

டி உயிரணு என்பது இரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை ஆகும். தீநுண்மி (வைரசு) தொற்றிய உயிரணுக்களைக் கண்டறிந்து அழிப்பது இதன் பணிகளுள் ஒன்று. ஒவ்வொரு டி உயிரணுவின் மேற்பரப்பிலும் ஓர் ஏற்பி உள்ளது. உடலின் பிற உயிரணுக்கள் தம்முள் இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளை மேற்பரப்பில் காட்சிக்கு வைக்கின்றன. அத்துண்டு அயலானது என்பதை ஏற்பி உணர்ந்தால், டி உயிரணு தாக்குதலைத் தொடங்குகிறது.

புற்றுநோய் உயிரணுக்கள் இக்கண்காணிப்பில் இருந்து இரண்டு வகைகளில் தப்புகின்றன. முதலாவதாக, அவை உடலின் சொந்த உயிரணுக்களில் இருந்தே தோன்றியவை ஆதலால், டி உயிரணுவுக்கு அயலாகத் தென்படுவதில்லை. இரண்டாவதாக, புரதத் துண்டுகளைக் காட்சிக்கு வைக்கும் அமைப்பையே பல புற்றுநோய் உயிரணுக்கள் குறைத்துக்கொள்கின்றன. அடையாள அட்டையைப் பார்த்துக் கள்வரைப் பிடிக்கும் காவலர் முன், அட்டையே இல்லாமல் ஒருவர் நடந்து போவதற்கு இதை ஒப்பிடலாம்.

எனவே, அட்டையைக் கேளாமல் முகத்தை நேரடியாகப் பார்த்து இனங்காணும் திறனை டி உயிரணுவுக்கு அளிக்க இயலுமா என்ற கேள்வி எழுந்தது. இதற்கான விடையே கலப்பு ஏற்பி ஆகும்.

கலப்பு ஏற்பி

நோயெதிர்ப்பு மண்டலத்தில் பி உயிரணு எனும் மற்றொரு வெள்ளையணு உண்டு. இது பிறபொருளெதிரி எனும் புரதத்தை உருவாக்குகிறது. பிறபொருளெதிரி தன் இலக்கை நேரடியாகவே பற்றிக்கொள்ளும். புரதத் துண்டுகளின் காட்சி இதற்குத் தேவையில்லை. பிறபொருளெதிரியின் பற்றும் முனையையும், டி உயிரணுவுக்குள் தாக்குதல் ஆணையை அனுப்பும் பகுதியையும் ஒரே புரதமாக இணைத்தால் கலப்பு ஏற்பி கிடைக்கும். கிரேக்கத் தொன்மத்தில் சிங்கத் தலையும் ஆட்டு உடலும் பாம்பு வாலும் கொண்ட விலங்கு கைமேரா எனப்படும். வெவ்வேறு மூலங்களில் இருந்து ஒட்டப்பட்டது என்பதால் இவ்வேற்பிக்கும் ஆங்கிலத்தில் அப்பெயரே வழங்குகிறது. அந்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் வருவதே 'கார்' என்னும் சொல். வண்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இக்கருத்து கார்ல் ஜூனுடையது அன்று. 1980களின் இறுதியிலேயே சப்பானிலும் இசுரேலிலும் இத்தகைய ஏற்பிகள் உருவாக்கப்பட்டன. இசுரேலின் வைசுமன் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த செலிக் எசுகார் 1989இலும் 1993இலும் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையின் அடித்தளம் எனக் கருதப்படுகின்றன. ஆனால், முதல் தலைமுறை ஏற்பிகள் கொண்ட உயிரணுக்கள் மனித உடலில் நெடுநாள் நீடிக்கவில்லை. போதிய அளவு பெருகவும் இல்லை.

டி உயிரணு முழுமையாகச் செயற்பட இரண்டு குறிப்புகள் தேவை. முதற்குறிப்பு இலக்கைக் கண்டதைத் தெரிவிக்கிறது. துணைக் குறிப்பு அதை உறுதிப்படுத்திப் பெருக்கத்தைத் தூண்டுகிறது. இரண்டாம் தலைமுறை ஏற்பிகளில் இத்துணைக் குறிப்பும் சேர்க்கப்பட்டது. நியூயார்க்கின் மெமோரியல் சுலோன் கெட்டரிங் மையத்தைச் சேர்ந்த மிசேல் சாடிலேன் சிடி28 எனும் துணைக் குறிப்புப் பகுதியைப் பயன்படுத்தினார். மெம்பிசு நகரின் செயின்ட் சூடு சிறுவர் ஆய்வு மருத்துவமனையைச் சேர்ந்த டாரியோ காம்பானாவின் குழு 4-1பிபி எனும் பகுதியைப் பயன்படுத்தி 2004இல் முடிவுகளை வெளியிட்டது. கார்ல் ஜூனின் குழு பின்னர் மேற்கொண்ட சோதனைகளுக்குக் காம்பானாவின் ஏற்பி வடிவமைப்பே அடிப்படையாக இருந்தது. இது குறித்து இரு நிறுவனங்களுக்கும் இடையே எழுந்த வழக்கு 2015இல் உடன்பாட்டில் முடிந்தது.

இலக்குத் தேர்வும் முக்கியமானது. சிடி19 எனும் புரதம் பி உயிரணுக்களின் மேற்பரப்பில் காணப்படுகிறது. பி உயிரணுக்களில் இருந்து தோன்றும் இரத்தப் புற்றுநோய்களிலும் இது உள்ளது. சிடி19ஐத் தாக்கினால் நலமான பி உயிரணுக்களும் சேர்ந்தே அழியும். எனினும், பி உயிரணுக்கள் இன்றியும் மனிதர் உயிர்வாழ இயலும். தேவைப்படும் பிறபொருளெதிரிகளை மருந்தாக ஏற்றிக்கொள்ளலாம். இதயத்தையோ நுரையீரலையோ இவ்வாறு இழந்து வாழ இயலாது. சிடி19 முதல் இலக்காக அமைந்ததன் காரணம் இதுவே.

எயிட்சு ஆய்வில் இருந்து கிடைத்த கருவிகள்

ஏற்பியின் வடிவமைப்பு மட்டும் போதாது. கோடிக்கணக்கான டி உயிரணுக்களை உடலுக்கு வெளியே நலமாக வளர்க்கவும், அவற்றினுள் புதிய மரபணுவைச் சேர்க்கவும் வழி வேண்டும். கார்ல் ஜூனின் தனிப் பங்களிப்பு இங்குதான் தொடங்குகிறது. இதற்கான கருவிகள் இரண்டும் எச்ஐவி ஆய்வின் ஊடாகவே முதிர்ந்தன.

முதற்கருவி, நுண்ணிய காந்த மணிகள். கடற்படை நிறுவனத்தில் கார்ல் ஜூனும் புரூசு இலெவினும் இம்மணிகளின் மீது இரண்டு வகைப் பிறபொருளெதிரிகளைப் பூசினர். ஒன்று டி உயிரணுவுக்கு முதற்குறிப்பையும், மற்றது துணைக் குறிப்பையும் அளித்தது. எச்ஐவி நோயாளிகளின் டி உயிரணுக்களை இம்முறையில் பெருமளவில் வளர்க்க முடிந்ததுடன், அவ்வுயிரணுக்கள் எச்ஐவித் தொற்றை எதிர்த்து நின்றதையும் 1996இல் அறிவித்தனர். வளர்ப்பு முடிந்ததும் காந்தத்தைக் கொண்டு மணிகளை எளிதில் நீக்கிவிடலாம்.

இரண்டாம் கருவி, எச்ஐவித் தீநுண்மியே. இத்தீநுண்மி தன் மரபணுவை டி உயிரணுவின் மரபுத்தொகுதிக்குள் நிலையாகச் சேர்ப்பதில் தேர்ந்தது. நோயை உண்டாக்கும் பகுதிகளை நீக்கிவிட்டு வேறொரு மரபணுவை வைத்தால், அது ஒரு சுமைதூக்கியாக மட்டும் செயற்படும். இவ்வகைச் சுமைதூக்கியை மனிதரில் பயன்படுத்திய முதல் சோதனை 2003இல் கார்ல் ஜூன், இலெவின் குழுவினரால் எச்ஐவி நோயாளிகளிடம் தொடங்கப்பட்டது. உலகையே அச்சுறுத்திய தீநுண்மி இவ்வாறு மருந்தின் ஒரு பகுதியாயிற்று.

எச்ஐவி நோயாளிகளுக்கு முன்னரே அளிக்கப்பட்டிருந்த முதல் தலைமுறைக் கலப்பு ஏற்பி உயிரணுக்கள் 10 ஆண்டுகளுக்கு மேலும் தீங்கின்றி உடலில் நீடித்தன என்பதை இவரது குழு 2012இல் அறிவித்தது.

சிகிச்சை முறை

கார்-டி சிகிச்சை பொதுவாகப் பின்வரும் படிநிலைகளைக் கொண்டது.

1. நோயாளியின் இரத்தம் ஒரு கருவியின் வழியே செலுத்தப்பட்டு வெள்ளையணுக்கள் மட்டும் பிரித்தெடுக்கப்படுகின்றன.
2. ஆய்வகத்தில் டி உயிரணுக்கள் காந்த மணிகளால் தூண்டப்படுகின்றன.
3. மாற்றியமைக்கப்பட்ட தீநுண்மியின் வழியே கலப்பு ஏற்பிக்கான மரபணு சேர்க்கப்படுகிறது. ஒரு முறை சேர்ந்தபின், அவ்வுயிரணு பிரிந்து உருவாகும் வழித்தோன்றல்களும் அம்மரபணுவைப் பெறுகின்றன.
4. உயிரணுக்கள் சில நாட்கள் வளர்க்கப்பட்டு, தரம் சோதிக்கப்பட்டு, உறைநிலையில் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றன.
5. நோயாளிக்கு முன்கூட்டியே வேதிமருந்து தரப்பட்டு, புதிய உயிரணுக்களுக்கு உடலில் இடம் உண்டாக்கப்படுகிறது.
6. கார்-டி உயிரணுக்கள் சிரை வழியே செலுத்தப்படுகின்றன.

ஒவ்வொரு நோயாளிக்கும் அவரது உயிரணுவில் இருந்தே மருந்து தனியாக உருவாக்கப்படுகிறது என்பதைக் கவனிக்கவும். ஒருவருடைய மருந்தை மற்றொருவருக்கு அளிக்க இயலாது.

முதல் மூன்று நோயாளிகள்

2010ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் கார்ல் ஜூன், டேவிட் போர்ட்டர் ஆகியோரின் குழு நாட்பட்ட நிணநீரணு இரத்தப் புற்றுநோய் கொண்டவர்களுக்கு இச்சிகிச்சையை அளிக்கத் தொடங்கியது. பிற சிகிச்சைகள் பயனளிக்காத நோயாளிகளே தேர்ந்தெடுக்கப்பட்டனர். புற்றுநோய் மரபணுச் சிகிச்சைக்கான ஒரு தனியார் அறக்கட்டளையின் நிதி உதவியது. மூன்று நோயாளிகளுக்குப் பின் பணப் பற்றாக்குறையால் சோதனை தடைப்பட்டது.

அம்மூவருள் இருவரிடம் புற்றுநோய் முற்றிலும் மறைந்தது. ஒருவரிடம் ஓரளவு குறைந்தது. முடிவுகள் 2011 ஆகத்தில் இரண்டு ஆய்விதழ்களில் வெளியாயின. செலுத்தப்பட்ட உயிரணுக்கள் உடலுக்குள் 1,000 மடங்குக்கு மேல் பெருகியிருந்தன. ஒவ்வொரு கார்-டி உயிரணுவும் சராசரியாகக் குறைந்தது 1,000 புற்றுநோய் உயிரணுக்களை அழித்திருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். 2012இல் நோவார்ட்டிசு நிறுவனம் பல்கலைக்கழகத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது.

முற்றிலும் குணமடைந்த இருவரின் உடலிலும் கார்-டி உயிரணுக்கள் 10 ஆண்டுகளுக்குப் பின்னும் காணப்பட்டதை இக்குழு 2022இல் அறிவித்தது. அவர்களுள் ஒருவர் 2021இல் கோவிட்-19 நோயால் காலமானார். இரத்தப் புற்றுநோய் அவருக்குத் திரும்பியிருக்கவில்லை.

எனினும், இம்மூவரின் முடிவுகளை எல்லோருக்கும் பொதுவாகக் கொள்ளலாகாது. அதே நோய் கொண்ட 14 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான சோதனை முடிவில் 4 பேரிடம் மட்டுமே நோய் முற்றிலும் மறைந்தது. நாட்பட்ட நோயில் டி உயிரணுக்களே சோர்ந்துபோயிருப்பது இதற்கு ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

எமிலி வைட்ஹெட்டும் சைட்டோகைன் புயலும்

தீவிர நிணநீரணு இரத்தப் புற்றுநோய் சிறுவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் ஆகும். வேதிமருந்துகளால் பெரும்பாலான சிறுவர்கள் குணமடைகின்றனர். ஆனால், நோய் மீண்டும் மீண்டும் திரும்புவோருக்கு வழி மிகக் குறைவு. எமிலி வைட்ஹெட் எனும் 6 வயதுச் சிறுமிக்கு நோய் இருமுறை திரும்பியிருந்தது. 2012 ஏப்ரலில் பிலடெல்பியா சிறுவர் மருத்துவமனையில் மருத்துவர் இசுட்டீபன் குரூப்பின் பொறுப்பில் அவருக்குக் கார்-டி சிகிச்சை அளிக்கப்பட்டது. இச்சிகிச்சையை இச்சோதனையில் பெற்ற முதல் சிறுவர் இவரே.

சில நாட்களில் அவரது உடல்நிலை மிக மோசமடைந்தது. கடுங்காய்ச்சலும் இரத்த அழுத்தக் குறைவும் ஏற்பட்டு, செயற்கை மூச்சுக் கருவி பொருத்த நேர்ந்தது. தாக்குதலில் ஈடுபடும் டி உயிரணுக்கள் சைட்டோகைன் எனும் குறிப்புப் புரதங்களை வெளியிடுகின்றன. இவை பிற வெள்ளையணுக்களையும் தூண்டுகின்றன. இப்புரதங்கள் அளவுமீறிப் பெருகும் நிலை சைட்டோகைன் புயல் எனப்படுகிறது. புற்றுநோயை உயிரணுக்கள் அழித்துக்கொண்டிருந்ததன் விளைவே இது. ஆனால், அவ்விளைவே சிறுமியின் உயிரைப் பறிக்கும் நிலையில் இருந்தது. சிறுமி இறந்திருந்தால் இவ்வாய்வே நின்றுபோயிருக்கக் கூடும்.

இரத்தச் சோதனையில் இன்டர்லியூக்கின்-6 எனும் சைட்டோகைன் இயல்பைவிட ஏறத்தாழ 1,000 மடங்கு உயர்ந்திருந்தது தெரியவந்தது. இப்புரதத்தின் செயலைத் தடுக்கும் தோசிலிசுமாப் எனும் மருந்து மூட்டழற்சிக்காக அப்போதே விற்பனையில் இருந்தது. கார்ல் ஜூனின் மகளுக்கு இளம்பருவ மூட்டழற்சி இருந்ததால், அம்மருந்தைப் பற்றி அவர் அறிந்திருந்தார். புற்றுநோய் மருத்துவர் ஒருவர் இயல்பாக நினைத்துப் பார்க்கும் மருந்து அன்று அது. மருந்து அளிக்கப்பட்ட சில மணி நேரத்திலேயே சிறுமியின் நிலை சீரடையத் தொடங்கியது. தன் 7ஆம் பிறந்தநாளான 2012 மே 2 அன்று அவர் கண்விழித்தார். சில நாட்களில் செய்யப்பட்ட சோதனையில் புற்றுநோய் தென்படவில்லை. 10 ஆண்டுகளுக்குப் பின்னும் நோய் திரும்பவில்லை.

இந்நிகழ்வுக்குப் பின், சைட்டோகைன் புயலுக்குத் தோசிலிசுமாப் தருவது உலகெங்கும் வழமையானது. 2017இல் கார்-டி மருந்துக்கு ஒப்புதல் வழங்கப்பட்ட அதே நாளில் இப்பயன்பாட்டுக்கும் ஒப்புதல் வழங்கப்பட்டது.

ஒப்புதலும் பரவலும்

2017இல் ஒப்புதல் பெற்ற மருந்தின் பொதுப்பெயர் டிசாசென்லெக்லூசெல், வணிகப்பெயர் கிம்ரியா. நோய் திரும்பிய அல்லது சிகிச்சைக்கு அடங்காத சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் இது அளிக்கப்படுகிறது. பல நாடுகளில் நடந்த சோதனையில் மருந்து செலுத்தப்பட்ட 75 பேருள் 81 விழுக்காட்டினரிடம் 3 மாதங்களுக்குள் நோய் மறைந்தது. ஆயினும், ஓராண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தோர் ஏறத்தாழப் பாதிப் பேரே. 2017 அக்டோபரில் மற்றொரு நிறுவனத்தின் சிடி19 மருந்தும், 2021 முதல் பன்மச்சைப் புற்றுநோய்க்கான கார்-டி மருந்துகளும் ஒப்புதல் பெற்றன.

இடர்களும் வரம்புகளும்

* இலக்கு மறைதல்: சிடி19 புரதமே இல்லாத புற்றுநோய் உயிரணுக்கள் தப்பிப் பெருகலாம். எமிலிக்கு அடுத்து இச்சிகிச்சையைப் பெற்ற சிறாருக்கு இரண்டு மாதங்களில் இவ்வாறே நோய் திரும்பியது.
* நரம்புப் பாதிப்பு: குழப்பம், பேச்சுத் தடை, வலிப்பு முதலியன ஏற்படலாம். பெரும்பாலும் இவை தற்காலிகமானவை. எனினும், வேறொரு நிறுவனத்தின் சோதனையில் 2016இல் மூளை வீக்கத்தால் உயிரிழப்புகள் ஏற்பட்டன.
* உற்பத்திப் பிழை: ஒரு நோயாளியின் மருந்தில், டி உயிரணுவுடன் தவறுதலாக ஒரேயொரு புற்றுநோய் உயிரணுவுக்கும் கலப்பு ஏற்பி மரபணு சேர்ந்துவிட்டது. அது தன் சிடி19 புரதத்தைத் தானே மறைத்துக்கொண்டு பெருகியது, நோயாளி இறந்தார். இதைப் பென்சில்வேனியாக் குழுவே 2018இல் வெளியிட்டது.
* இரண்டாம் புற்றுநோய்: சிகிச்சை பெற்ற சிலரிடம் டி உயிரணுப் புற்றுநோய் தோன்றியதால், இது குறித்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்க்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2024இல் பணித்தது. இது அரிதாகவே நிகழ்கிறது.
* திண்மக் கட்டிகள்: நுரையீரல், கணையம், மூளை போன்ற உறுப்புகளின் புற்றுநோய்களில் வெற்றி இன்னும் மிகக் குறைவு. நலமான திசுக்களில் இல்லாத இலக்கைக் காண்பது கடினம். கட்டியின் உட்சூழலும் டி உயிரணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது. பென்சில்வேனியாவில் மூளைப் புற்றுநோய் கொண்ட 6 பேரிடம் நடந்த சோதனையில் தொடக்கத்தில் அனைவரின் கட்டியும் சுருங்கியதாக 2024இல் அறிவிக்கப்பட்டது. ஆனால், அது நிலையான பயனாக அமையவில்லை.

விலை

அறிமுகமானபோது கிம்ரியாவின் விலை 4,75,000 அமெரிக்க டாலர். மருத்துவமனைச் செலவுகள் இதில் அடங்கா. ஒவ்வொருவருக்கும் தனியாக உருவாக்க வேண்டியிருப்பதும், தீநுண்மிச் சுமைதூக்கியின் உற்பத்திச் செலவும் இவ்விலைக்குச் சொல்லப்படும் காரணங்களுள் சில. குணப்படுத்தும் மருந்து ஒன்று இருந்தும் அதை அடைய இயலாத நிலை உலகின் பெரும்பாலான நோயாளிகளுக்கு உள்ளது. இதற்கு மாற்றாக, இந்தியாவில் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மையமும் இணைந்து ஒரு சிடி19 கார்-டி மருந்தை உருவாக்கின. 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற அம்மருந்து, அமெரிக்க விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கு அறிமுகப்படுத்தப்பட்டது. உடலுக்கு வெளியே எடுக்காமல், உடலுக்குள்ளேயே டி உயிரணுக்களை மாற்றியமைக்கும் முறைகளும் ஆய்வில் உள்ளன. இவை வெற்றி பெற்றால் செலவு பெரிதும் குறையலாம்.

பிற ஆய்வுகள்

2014இல் கார்ல் ஜூனின் குழு, எச்ஐவி நோயாளிகளின் டி உயிரணுக்களில் சிசிஆர்5 மரபணுவை வெட்டி நீக்கிச் செலுத்திய சோதனையின் முடிவுகளை வெளியிட்டது. எச்ஐவி டி உயிரணுவினுள் நுழையும் வாயில்களுள் ஒன்று இம்மரபணு உருவாக்கும் புரதம் ஆகும். கிரிசுப்பர் எனும் மரபணுத் திருத்த முறையால் மாற்றிய டி உயிரணுக்களை 3 புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திய முடிவுகளை 2020இல் வெளியிட்டது. அமெரிக்காவில் இத்தகைய முதல் சோதனை இது. அவ்வுயிரணுக்கள் பாதுகாப்பாக உடலில் நீடித்தபோதும் நோய் குணமாகவில்லை.

விருதுகள்

* பால் எர்லிச், இலுட்விக் டார்ம்சுடாட்டர் பரிசு (2015), சேம்சு அலிசனுடன்
* டைம் இதழின் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியல் (2018)
* ஆல்பனி மருத்துவ மையப் பரிசு (2018), சேம்சு அலிசன், இசுட்டீவன் உரோசன்பர்க்கு ஆகியோருடன்
* வாழ்வறிவியலுக்கான பிரேக்குத்துரூ பரிசு (2024), மிசேல் சாடிலேனுடன்

இவற்றையும் பார்க்கவும்

* டி உயிரணு
* பிறபொருளெதிரி
* இரத்தப் புற்றுநோய்
* மரபணுச் சிகிச்சை
* எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை